தாலி இல்லாத கோப்பு

மணமாகாத துணைவர் விசா என்பது, ஒரு நாட்டின் குடிமகனோடு அல்லது குடிமகளோடு திருமணம் செய்துகொள்ளாமலே கணவன் மனைவி போல வாழும் வெளிநாட்டவருக்கு அந்த நாடு தரும் குடியேற்ற அனுமதி. பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, நெதர்லாந்து, சுவீடன் முதலிய நாடுகளில் இது உண்டு. அமெரிக்காவில் இல்லை. இந்தியாவிலும் இல்லை. உள்ள நாடுகளில் பெயரும் கால அளவும் மாறுமே தவிர, அடியில் கிடக்கும் சிக்கல் ஒன்றுதான்: பதிவுச் சான்று இல்லாத ஓர் உறவை, அந்த இருவரையும் பார்த்தேயிராத அதிகாரி எதை வைத்து நம்புவார்?

இந்தச் சிக்கலைத் திருத்தணியில் வைத்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. கல்யாணத்துக்குச் சான்று மிக எளிதாகக் கிடைக்கும் ஊர் அது. முருகன் வள்ளியை மணந்த தலம் என்பது தல மரபு. முகூர்த்த நாட்களில் மலைமேல் ஒரு மேளம் ஓய்வதற்குள் அடுத்த மேளம் தொடங்கிவிடும். நகரி, புத்தூர்ப் பக்கத்துத் தெலுங்குக் குடும்பங்களும் இங்கே வந்துதான் தாலி கட்டுகின்றன. 1960 ஏப்ரல் 1 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்து, ம.பொ.சி. முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டத்தின் விளைவாகத் தமிழ்நாட்டுக்கு வந்த ஊர் இது. எனவே இங்குள்ள பல குடும்பங்களின் பழைய சான்றிதழ்கள் தெலுங்கிலும் புதியவை தமிழிலுமாக இருக்கின்றன. விசாவுக்குப் போகும்போது இரண்டையும் ஆங்கிலத்தில் பெயர்த்து, மொழிபெயர்ப்பாளரின் உறுதிமொழியும் கையொப்பமும் தேதியும் சேர்க்க வேண்டும். அது காசு கொடுத்தால் முடிகிற வேலை. தாலி கட்டாமல் சேர்ந்து வாழும் இருவர் தங்கள் உறவுக்குக் காகிதம் திரட்டுவது அப்படி முடிகிற வேலையில்லை.

இந்த விசாவுக்கு முன்னால் நீண்டதொரு சந்தேக வரலாறு இருக்கிறது. அதில் இந்தியர்களின் பங்கு பெரிது. 1979 ஜனவரி 24 அன்று, பிரிட்டனில் வசிக்கும் ஒருவரை மணப்பதற்காக 35 வயது இந்திய ஆசிரியை ஒருவர் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கினார். மூன்று மாதத்துக்குள் திருமணம் நடக்குமானால் மணப்பெண்ணுக்கு முன்கூட்டியே அனுமதி வேண்டாம் என்பது அன்றைய விதி. ஏற்கெனவே மணமானவர் என்றால் அனுமதி வேண்டும். அவர் உண்மையிலேயே மணமாகாதவர்தானா என்று அறிய, அதிகாரிகள் மருத்துவரை அழைத்துக் கன்னித்தன்மைச் சோதனை நடத்தினார்கள். பிப்ரவரி 1 அன்று கார்டியன் நாளிதழ் இதை வெளியிட்டது. இந்திய அரசு கண்டித்தது, சோதனை நிறுத்தப்பட்டது. 2011இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பிரிட்டன் ஆவணக் காப்பகத்திலிருந்து எடுத்த கோப்புகளின்படி, குறைந்தது 80 பெண்களுக்கு இது நடந்திருக்கிறது. பெரும்பாலும் இந்தியாவிலேயே, பிரிட்டிஷ் தூதரக அலுவலகங்களில். மணமாகாதவர் என்பதற்குச் சான்று கேட்ட அரசு, அதைப் பெண்ணின் உடம்பில் தேடியது.

சோதனை நின்றது, சந்தேகம் வேறு வழியில் தொடர்ந்தது. 1980களில் வந்த ‘முதன்மை நோக்கம்’ என்ற விதி, இந்தத் திருமணத்தின் முதல் நோக்கம் பிரிட்டனில் குடியேறுவது அல்ல என்பதை விண்ணப்பதாரரே மெய்ப்பிக்க வேண்டும் என்றது. இல்லாத ஒன்றை இல்லையென்று எப்படி மெய்ப்பிப்பது? தெற்காசியாவிலிருந்து விண்ணப்பித்த மாப்பிள்ளைகள் பெருவாரியாக இந்த விதியில்தான் சிக்கினார்கள். 1997 ஜூன் மாதம் புதிய தொழிற்கட்சி அரசு அதை நீக்கியது. அதே ஆண்டு அக்டோபரில், சட்டப்படி மணக்க வழியில்லாத இணையருக்கு விதிகளுக்கு வெளியே ஒரு சலுகை வந்தது. அன்றைக்கு மணக்க முடியாமல் இருந்தவர்களில் முதன்மையானவர்கள் ஒருபால் இணையர். நான்கு ஆண்டு சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 1999இல் அது இரண்டு ஆண்டாகக் குறைந்தது. 2000இல் குடியேற்ற விதிகளுக்குள்ளேயே வந்துவிட்டது. மணக்க முடியாதவர்களுக்காகத் திறந்த கதவு, மணக்க விரும்பாதவர்களுக்கும் பயன்படத் தொடங்கியது இப்படித்தான்.

பிரிட்டனில் 2024 ஜனவரி இறுதி வரை ‘இரண்டு ஆண்டு ஒரே வீட்டில்’ என்பதுதான் அளவுகோல். அன்றுமுதல், இரண்டு ஆண்டுகளாகத் திருமணத்தை ஒத்த உறவில் இருந்தால் போதும். ஒரே கூரை கட்டாயமில்லை. வேலை, படிப்பு, குடும்பச் சூழல் ஆகியவற்றால் பிரிந்திருந்த இணையருக்கு இது பெரிய விடுதலை. ஆனால் சேர்ந்து வாழவில்லையென்றால் ஏன் என்று விளக்க வேண்டும். உறவு உண்மையானது என்பதற்கு வேறு சான்றுகள் கூடுதலாக வேண்டும். அதோடு, 2024 ஏப்ரல் 11 முதல் குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 18,600 பவுண்டிலிருந்து 29,000 பவுண்டாக உயர்ந்தது. அடிப்படை ஆங்கிலத் தேர்வு, காசநோய்ப் பரிசோதனை, மருத்துவக் கூடுதல் கட்டணம் எல்லாம் மணமானவர்களுக்கு உள்ளபடியே இவர்களுக்கும் உண்டு. விதி ஒரு கையால் தளர்ந்தபோது மறுகையால் இறுகியது என்று சொல்லலாம்.

கனடாவில் ஓராண்டு இடைவிடாமல் சேர்ந்து வாழ்ந்தவர்கள் பொதுச்சட்டத் துணைவர்கள். சேர்ந்து வாழவே முடியாமல் விசாவோ மதமோ பாலின ஈர்ப்போ தடுத்தவர்களுக்குத் தனியாக ஒரு வகை இருக்கிறது. 2002இல் நடப்புக்கு வந்த சட்டத்தின் கொடை அது. டொரன்டோவிலிருந்து ‘ஸ்பான்சர்’ செய்யும் ஈழத்தமிழர் குடும்பங்களுக்கு மணமுடித்த துணைவர் வகை நன்றாகத் தெரியும். இந்த மூன்றாவது வகை பலருக்குத் தெரியாது. ஆஸ்திரேலியா 12 மாதம் கேட்கிறது. விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் போன்ற மாநிலங்களில் உறவைப் பதிவு செய்தால் அந்தக் கால வரம்பு நீங்கும். அந்நாட்டு விதிகள் பணம், வீட்டு நிர்வாகம், ஊர் அறிந்த உறவு, எதிர்காலப் பிணைப்பு என்று நான்கு பக்கமாக உறவைப் பிரித்துப் பார்க்கச் சொல்கின்றன. அமெரிக்காவோ, மணக்கப் போகிறவருக்கு மட்டும் விசா தருகிறது: விண்ணப்பத்துக்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள் ஒருமுறையாவது நேரில் சந்தித்திருக்க வேண்டும், நாட்டுக்குள் வந்து 90 நாளில் மணக்க வேண்டும். பெற்றோர் பார்த்து முடிக்கும் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன் சந்திப்பது மரபுக்கு முரணாக இருந்தால் அந்தச் சந்திப்பிலிருந்து விலக்கு கேட்கலாம் என்றும் விதியில் இருக்கிறது. பார்க்காமலே நிச்சயித்த உறவுக்கு அங்கே ஒரு சந்து இருக்கிறது. பத்து ஆண்டு சேர்ந்து வாழ்ந்தும் மணக்க மாட்டோம் என்பவர்களுக்கு அதுவும் இல்லை.

கோப்பில் என்ன இருக்க வேண்டும் என்பதற்கு எந்த நாட்டிலும் முழுப் பட்டியல் கிடையாது. வழக்கமாகக் கேட்கப்படுவது இருவர் பெயரும் உள்ள வாடகை ஒப்பந்தம், ஒரே முகவரிக்கு வந்த கடிதங்கள், கூட்டு வங்கிக் கணக்கு, மின்கட்டண ரசீது, சேர்ந்து போன பயணங்களின் டிக்கெட், புகைப்படங்கள், இரு வீட்டாரும் நண்பர்களும் எழுதும் கடிதங்கள். லண்டனிலோ மெல்போர்னிலோ இரண்டு ஆண்டு வாழ்ந்தால் இவை தானாகவே மேசை டிராயரில் சேர்ந்துவிடும். திருத்தணியில் சேராது.

அங்கே வாடகைக்கு வீடு கேட்டால் முதல் கேள்வி, “ஃபேமிலியா, பேச்சிலரா?” மூன்றாவது விடை கிடையாது. ஆகவே கல்யாணமாகிவிட்டது என்று சொல்லித்தான் சாவி வாங்க வேண்டியிருக்கிறது. கழுத்தில் ஒரு மஞ்சள் கயிறு இருந்தால் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. ஒப்பந்தம் முத்திரைத்தாளில் பதினொரு மாதத்துக்கு, ஆண் பெயரில் மட்டும். மின் இணைப்பு வீட்டு உரிமையாளர் பெயரில். கேஸ் இணைப்பு இருவரில் யாருக்கு முன்பே இருந்ததோ அவர் பெயரில், பழைய முகவரியில். பெண்ணின் ஆதார் முகவரி பொதட்டூர்பேட்டையிலோ நகரியிலோ உள்ள அப்பா வீடு. குடும்ப அட்டையில் அவள் இன்னும் அப்பாவின் மகள். முகவரியை மாற்றினால் வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்பதால் வங்கிக் கடிதமும் அங்கேயே போகும். அவசரமான கூரியர் வேலை செய்யும் இடத்துக்கு வரும். இருவரும் சேர்ந்து எடுத்த படத்தை முகநூலில் போடுவதில்லை. உறவினர் கண்ணில் படாமல் இருக்கப் பழகிய வாழ்க்கை அது. அந்தப் பழக்கம் இரண்டு ஆண்டுக்குப் பிறகு விசா விண்ணப்பத்தில் வெற்றிடமாக வந்து நிற்கிறது. உயிருக்கும் மானத்துக்கும் பாதுகாப்பு என்று எதைச் செய்தார்களோ, அதையே அதிகாரி உறவு இல்லாததன் அடையாளமாக வாசிக்கிறார். இந்த விதிகளை எழுதியவர்களில் ஒருவராவது இந்தியச் சிற்றூர் ஒன்றில் ஜோடியாக வீடு தேடியிருந்தால் பட்டியல் வேறு மாதிரி இருந்திருக்கும்.

மிஞ்சுவது கைப்பேசியில் இருக்கிறது. யுபிஐ வழியாக மாதாமாதம் ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பிய பாதி வாடகை, மளிகைக் கடைக்கும் பால்காரருக்கும் மாறி மாறிச் செலுத்திய தொகைகள், ஐஆர்சிடிசியில் ஒரே பிஎன்ஆரில் இரண்டு பெயர். காதல் வசனம் நிரம்பிய வாட்ஸ்அப் பக்கங்களைவிட, “தக்காளி வாங்கிட்டு வா, கேஸ்காரன் வந்தானா” என்ற பக்கங்களுக்கு எடை அதிகம். முன்னதை யாரும் ஒரே இரவில் தட்டச்சு செய்துவிடலாம். கூட்டுக் கணக்குத் தொடங்க உறவுமுறை தேவையில்லை; எந்த இருவரும் தொடங்கலாம். ஒருபால் இணையர் கூட்டுக் கணக்கு வைத்துக்கொள்ளவும் துணைவரை நாமினியாக நியமிக்கவும் தடையில்லை என்று 2024 ஆகஸ்ட் 28 அன்று ஒன்றிய நிதியமைச்சகம் வெளிப்படையாகவே தெளிவுபடுத்தியது. விண்ணப்பிக்க முடிவெடுத்தவுடன் செய்ய வேண்டிய முதல் காரியம் அந்தக் கணக்குதான். ஆனால் அது தொடங்கிய தேதியும் கோப்பில் தெரியும்.

பொய்யாகச் சொன்ன கல்யாணம் இன்னொரு சிக்கலையும் கொண்டுவருகிறது. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது ‘நோயாளிக்கு உறவு’ என்ற கட்டத்தில் ‘மனைவி’ என்று எழுதியிருப்பார்கள். சேர்ந்து வாழ்ந்ததற்கு அது அருமையான சான்று. மணமாகாதவர் என்ற விண்ணப்பத்துக்கு அதுவே முரண். இரண்டையும் ஒரே கோப்பில் வைத்துவிட்டு விளக்கம் எழுதாமல் விடுவதுதான் பெரிய தவறு. ஊரில் வீடு கிடைப்பதற்காகக் கணவன் மனைவி என்று சொல்லிக்கொண்டோம், சட்டப்படி மணக்கவில்லை என்று நேராக ஒரு பக்கம் எழுதுவதே சரி. மறைத்தால் அது ஏமாற்றாகக் கருதப்படலாம். பிரிட்டனில் ஏமாற்று என்று முடிவானால் விண்ணப்பம் மறுக்கப்படுவதோடு, அடுத்துவரும் பல வகை விண்ணப்பங்களும் பத்து ஆண்டு வரை பாதிக்கப்படலாம்.

நெதர்லாந்து போன்ற நாடுகள் ஒரு படி மேலே போய், இருவரும் மணமாகாதவர்கள் என்பதற்கே அரசுச் சான்று கேட்கின்றன. தமிழ்நாட்டில் அது கிடைக்கும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து, வட்டாட்சியர் ‘திருமணமாகாதவர் சான்றிதழ்’ தருவார். பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை. இந்தியா 2005 முதல் அந்த முத்திரைக்கான பன்னாட்டு ஒப்பந்தத்தில் இருக்கிறது. சிக்கல் விசாரணையில். அலுவலர் அக்கம்பக்கத்தில் கேட்டால், “அவங்க புருஷன் பொண்டாட்டி சார்” என்ற விடை வரும். அப்பா வீட்டு முகவரியில் விண்ணப்பித்தால் சான்றிதழ் கிடைக்கும். ஆனால் அந்த முகவரி சேர்ந்து வாழ்ந்த கதைக்குப் பொருந்தாது. ஒருவர் தனியாள் என்று சான்றளிக்க வட்டாட்சியர் இருக்கிறார். இருவர் சேர்ந்து வாழ்கிறார்கள் என்று சான்றளிக்க எந்த அலுவலகமும் இல்லை.

இந்தியச் சட்டம் இந்த உறவை முற்றிலும் அறியாததும் இல்லை. மணமாகாமல் சேர்ந்து வாழ்வது குற்றமல்ல என்பதை 2010 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் நடிகை குஷ்பு வழக்கில் உறுதிசெய்தது; திருமணத்துக்கு முந்தைய பாலுறவு பற்றி 2005இல் அவர் சொன்ன கருத்துக்காகத் தமிழ்நாடு முழுக்கத் தொடுத்த புகார்கள் அப்போதுதான் ரத்தாயின. அதே ஆண்டு அக்டோபரில் வேலுசாமி எதிர் பச்சையம்மாள் என்ற தமிழ்நாட்டு வழக்கு வந்தது. குடும்ப வன்முறைச் சட்டத்தில் உள்ள ‘திருமணத்தை ஒத்த உறவு’க்கு நீதிமன்றம் நான்கு அளவுகோல்களை வைத்தது: ஊரார் முன் தம்பதிபோல் இருந்திருக்க வேண்டும், மணவயது ஆகியிருக்க வேண்டும், மணக்கத் தடையில்லாதவர்களாக இருக்க வேண்டும், விரும்பிக் கணிசமான காலம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். பிரிட்டன் விசா அதிகாரி பார்ப்பதும் ஏறக்குறைய இதைத்தான். 2023 அக்டோபர் 17 அன்று ஒருபால் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு தர உச்ச நீதிமன்றம் மறுத்தது. 2025 மே மாதம், வேலூர் காவல்துறை எதிர்மனுதாரராக இருந்த ஆட்கொணர்வு மனுவில், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. இந்தத் தீர்ப்புகள் விசா வாங்கித் தருவதில்லை. ஏன் மணக்கவில்லை, ஏன் வெளிப்படையாக வாழவில்லை என்ற கேள்விகளுக்கு விளக்கக் கடிதத்தில் துணையாக நிற்கும். அந்த அளவுக்குப் பயன் உண்டு.

இவ்வளவுக்கும் பிறகு பெரும்பாலோர் செய்வது மலையேறித் தாலி கட்டிக்கொள்வதுதான். களவில் தொடங்கிய உறவு ஊரறிய மணமாவது இந்த மலைக்குப் புதிதல்ல. வள்ளியின் கதையே அதுதான். பொய்யும் பிசகும் தலைகாட்டிய பிறகே சடங்கு வகுக்கப்பட்டது என்று தொல்காப்பியம் சொல்கிறது. குடியேற்றத் துறைகள் அதைப் படித்ததில்லை என்றாலும் அவர்களின் தர்க்கம் அதுவே. கோயிலில் மணக்க வயதுச் சான்று, அடையாளச் சான்று, இது முதல் திருமணம் என்பதற்கான சான்று எல்லாம் கேட்பார்கள். கோயில் ரசீதோடு சார்பதிவாளர் அலுவலகம் போனால், 2009ஆம் ஆண்டின் திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு. சடங்கே வேண்டாம் என்பவர்களுக்குச் சுயமரியாதைத் திருமணத்தை ஏற்கும், இந்துத் திருமணச் சட்டத்தின் 7-ஏ பிரிவு இருக்கிறது. அதற்கு ஊரைக் கூட்ட வேண்டியதில்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

இதில் ஒரு பள்ளம் உண்டு. துணைவர் இந்துவாக இல்லாத வெளிநாட்டவர் என்றால் கோயில் கல்யாணம் இந்துத் திருமணச் சட்டத்தில் செல்லாது. ஆந்திரத்திலிருந்து வந்த சௌரிய ராஜ் எதிர் பாவனி வழக்கில், கிறிஸ்தவ மணமகனும் இந்து மணமகளும் கோயிலில் தாலி கட்டிப் பதிவும் செய்திருந்த திருமணத்தை 2008இல் உச்ச நீதிமன்றம் செல்லாதது என்றது. அப்படிப்பட்டவர்களுக்கு 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம்தான் வழி: இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் 30 நாள் தங்கியிருக்க வேண்டும், பிறகு அறிவிப்பு, ஆட்சேபத்துக்கு மேலும் 30 நாள். சுற்றுலா விசாவில் வந்தவர் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அறிவிப்பு அலுவலகப் பலகையில் ஒட்டப்படும் என்பதால் மறைத்து வாழ்ந்தவர்கள் இந்த வழிக்கு அஞ்சுவதில் வியப்பில்லை.

தாலி கட்டிவிட்டால் கேள்வி நின்றுவிடும் என்பதும் உறுதியில்லை. 2019இல் நியூசிலாந்தில் நடந்தது நேர்மாறு. பெற்றோர் பார்த்து முடித்த கல்யாணங்களில், மணமக்கள் சேர்ந்து வாழ்ந்ததற்குச் சான்று இல்லை என்று இந்திய மணமக்களுக்கு விசா மறுக்கப்பட்டது. விசா இல்லாமல் சேர்ந்து வாழ முடியாது. சேர்ந்து வாழாமல் விசா கிடையாது. அங்குள்ள இந்தியர்கள் கொதித்தெழ, அந்த ஆண்டு நவம்பரில் அரசு விதியை மாற்றியது. தாலி இல்லாதவர்களிடம் கேட்ட அதே காகிதத்தைத் தாலி உள்ளவர்களிடமும் கேட்டது அந்த ஆண்டு.

எதிர்த்திசையில் பார்த்தால் இந்தியாவின் கதவு இன்னும் குறுகல். இந்தியக் குடிமகனின் மணமாகாத வெளிநாட்டுத் துணைவருக்கென்று விசா வகையே இல்லை. மணமானவர்களுக்கு நுழைவு விசா உண்டு. பதிவான திருமணம் இரண்டு ஆண்டு நீடித்திருந்தால் வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை அட்டைக்கும் விண்ணப்பிக்கலாம். மணமாகாதவர் சுற்றுலாப் பயணியாக வந்து, சுற்றுலாப் பயணியாகவே திரும்ப வேண்டும்.

விசா கிடைத்த பிறகும் கோப்பு மூடுவதில்லை. பிரிட்டன் முதலில் தருவது 33 மாதம். பிறகு 30 மாத நீட்டிப்பு. ஐந்து ஆண்டு முடிந்தால் நிரந்தர வதிவு. நீட்டிப்பின்போது அதே கேள்வி மறுபடி வரும். இந்த முறை விடை எளிது, கவுன்சில் வரி ரசீதில் இரண்டு பெயரும் இருக்கும். இடையில் உறவு முறிந்தால் உள்துறைக்குத் தெரிவிக்க வேண்டும், விசாக் காலம் குறைக்கப்படும். முறிவுக்குக் காரணம் குடும்ப வன்முறை என்றால், மணமாகாத துணைவரும் மணமானவரைப் போலவே தனியாக நிரந்தர வதிவு கேட்கலாம். அப்போது கோப்பில் சேர்வது மருத்துவர் கடிதம், காவல்துறைப் பதிவு, காப்பகத்தின் கடிதம்.